கப்பலில் பி.எஸ்.சி. சோதனை: முதல் முறை கடலுக்குப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பலைக் கயிறு கட்டி நிறுத்தியதும் அந்த நாட்டு அரசு அதிகாரி ஒருவரோ இருவரோ ஏறி வருவார்கள். கப்பல் பாதுகாப்பாக ஓடும் நிலையில் இருக்கிறதா, அதில் இருப்பவர்களுக்கு வேலை தெரியுமா, அவர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்ப்பார்கள். இதற்கு முழுப்பெயர் போர்ட் ஸ்டேட் கன்ட்ரோல். கப்பலில் எல்லோரும் பி.எஸ்.சி. என்றுதான் சொல்வோம்.

தூத்துக்குடி, கன்னியாகுமரி, சென்னை என்று நம் பக்கத்திலிருந்து ஜி.பி. ரேட்டிங்காகவும் (சாதாரண கப்பல் பணியாளர்) கேடட்டாகவும் (பயிற்சி ஆபிசர்) புதிதாகக் கப்பலேறும் பையன்களிடம் சீனியர்கள் சொல்லும் ஒரே அறிவுரை, "இன்ஸ்பெக்டர் வந்தால் கண்ணில் படாமல் இரு" என்பது. அந்த அறிவுரை தவறு என்பது என் கருத்து. நடுக்கடலில் உங்கள் லைஃப்போட் இறங்குமா, உங்களுக்குத் தூங்க நேரம் தருகிறார்களா, சம்பளம் வந்ததா என்று கம்பெனியைச் சாராத ஒருவர் நேரில் வந்து பார்ப்பது அநேகமாக இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான். அவர் என்ன பார்க்கிறார், எந்த வரிசையில் பார்க்கிறார், அப்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன்.

யார் வருகிறார்கள், எந்த உரிமையில்

கப்பலின் பாதுகாப்புக்கு முதல் பொறுப்பு அதன் கொடி நாட்டுக்கு. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் என்று எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டிருக்கிறதோ அந்த நாடு. ஆனால் பதிவு ஓரிடத்தில், முதலாளி வேறிடத்தில், கப்பல் உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டு என்றிருக்கும்போது கொடி நாட்டின் கண்காணிப்பை மட்டும் நம்ப முடியாது. 1978 மார்ச்சில் அமோகோ காடிஸ் என்ற லைபீரியக் கொடி டேங்கர் ஸ்டியரிங் பழுதாகி பிரான்ஸின் பிரிட்டனி கரையோரப் பாறையில் மோதியது. 2 லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. எண்ணெய் படிந்த கரை பிரான்ஸுடையது, கப்பலின் கொடி வேறொரு நாட்டுடையது. அந்தக் கோபத்தின் விளைவாக, 1982-ல் 14 ஐரோப்பிய நாடுகள் பாரிஸில் கூடி, தங்கள் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களை ஒரே முறையில் சோதிப்பது என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. அதுதான் பாரிஸ் எம்.ஓ.யு.

அதைப் பார்த்து மற்ற வட்டாரங்களும் ஆரம்பித்தன. ஆசிய-பசிபிக் நாடுகளுக்கு டோக்கியோ எம்.ஓ.யு. 1994 முதல் நடக்கிறது. இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா எல்லாம் இருப்பது இந்தியப் பெருங்கடல் எம்.ஓ.யு.-வில். 1998-ல் பிரிட்டோரியாவில் கையெழுத்தாகி 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் செயலகம் கோவாவில் இருக்கிறது. அமெரிக்கா எந்த எம்.ஓ.யு.-விலும் சேராமல் தன் கோஸ்ட் கார்டை வைத்துத் தனியாகச் சோதிக்கிறது. ஆகவே சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ வரும் வெளிநாட்டுக் கப்பலில் ஏறுபவர் இந்திய அரசின் கப்பல் துறையான டி.ஜி. ஷிப்பிங்கின் கீழுள்ள எம்.எம்.டி. (வணிகக் கடல் துறை) சர்வேயர். ஆஸ்திரேலியாவில் ஆம்சா அதிகாரி, சிங்கப்பூரில் எம்.பி.ஏ. அதிகாரி. பெரும்பாலும் இவர்களே ஒரு காலத்தில் கேப்டனாகவோ சீஃப் இன்ஜினியராகவோ கப்பலில் இருந்தவர்கள். கதை சொல்லி இவர்களை ஏமாற்ற முடியாது.

இவர்கள் கையில் இருக்கும் சட்டம் எல்லோருக்கும் பொதுவானது: பாதுகாப்புக்கு சோலாஸ், மாசுக்கு மார்போல், பயிற்சிக்கும் தகுதிக்கும் எஸ்.டி.சி.டபிள்யூ., எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதற்கு லோட் லைன், தொழிலாளர் நலனுக்கு எம்.எல்.சி. 2006. கொடி நாடு இவற்றில் ஒன்றை ஏற்காமல் விட்டிருந்தாலும் அந்தக் கப்பலுக்குச் சலுகை கிடையாது.

முதல் படி: சேருவதற்கு முன்பே கப்பலைத் தேடிப் பாருங்கள்

ஏஜெண்ட் கப்பலின் பெயரைச் சொன்னதும் அதன் ஐ.எம்.ஓ. எண்ணையும் கேட்டு வாங்குங்கள். 7 இலக்கம் இருக்கும். பெயரும் கொடியும் மாறினாலும் அந்த எண் மாறாது. எக்வாசிஸ் என்ற இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்து அந்த எண்ணைப் போட்டால் கப்பலின் வயது, கொடி, கிளாஸ் (கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு), நடத்தும் கம்பெனி, எந்தத் துறைமுகத்தில் எப்போது சோதனை நடந்தது, எத்தனை குறை எழுதினார்கள், எப்போதாவது நிறுத்தி வைத்தார்களா (டிடென்ஷன்) என்று எல்லாம் வரும்.

கடைசி மூன்று வருடத்தில் இரண்டு முறை டிடென்ஷன் ஆன கப்பல் என்றால் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் காண்ட்ராக்டுக்கு எவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எதில் குறை எழுதியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். சார்ட் திருத்தவில்லை, புத்தகம் பழைய பதிப்பு என்றால் அது வேறு. சம்பளம் தரவில்லை, லைஃப்போட் இறங்கவில்லை, சாப்பாடு போதவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தால் வீட்டில் உட்கார்ந்து ஒரு முறை யோசியுங்கள்.

இதே விவரங்களை வைத்துத்தான் துறைமுகமும் எந்தக் கப்பலில் ஏறுவது என்று தீர்மானிக்கிறது. கப்பலின் வகை, வயது, கொடி நாட்டின் பெயர், கிளாஸ், கம்பெனியின் பழைய வரலாறு எல்லாவற்றையும் கூட்டிக் கணினி ஒரு மதிப்பெண் போடும். பாரிஸ் வட்டாரத்தில் ஆபத்து அதிகம் என்று வரும் கப்பலை 5-6 மாதத்துக்கு ஒரு முறையும், நடுத்தரமானதை 10-12 மாதத்துக்கு ஒரு முறையும், நல்ல பெயர் வாங்கியதை 24-36 மாதத்துக்கு ஒரு முறையும் பார்ப்பார்கள். டோக்கியோவில் இடைவெளி இன்னும் குறைவு: முறையே 2-4, 5-8, 9-18 மாதங்கள். விபத்து, புகார், பைலட் சொன்ன குறை என்று ஏதாவது இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே ஏறுவார்கள்.

இரண்டாவது படி: உங்கள் காகிதங்களை நீங்களே சரிபாருங்கள்

அதிகாரி முதலில் கேப்டன் ரூமிலோ ஷிப் ஆபீஸிலோ உட்கார்ந்து கப்பலின் சர்டிஃபிகேட்டுகளைப் பார்ப்பார். அது உங்கள் வேலை இல்லை. ஆனால் அடுத்து அவர் கேட்பது குரூ லிஸ்ட், சேஃப் மேனிங் டாக்குமெண்ட் (குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்ற சான்று), ஒவ்வொருவரின் தகுதிச் சான்று. அங்கே உங்கள் பெயரும் வரும்.

மெடிக்கல் சர்டிஃபிகேட் அதிகபட்சம் 2 வருடம் செல்லும். 18 வயதுக்குக் கீழே என்றால் 1 வருடம்தான். பயணத்தின் நடுவில் முடிந்துபோனால், அங்கீகாரம் பெற்ற டாக்டர் இருக்கும் அடுத்த துறைமுகம் வரை சமாளிக்கலாம், அதுவும் 3 மாதத்துக்கு மேல் கிடையாது. உயிர் தப்பும் பயிற்சி, தீயணைப்புப் பயிற்சி இரண்டுக்கும் 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பு வேண்டும். ஆபிசர்களுக்கு இந்திய சி.ஓ.சி. (தகுதிச் சான்று) மட்டும் போதாது, கப்பலின் கொடி நாடு தரும் எண்டார்ஸ்மெண்டும் வேண்டும். அது கைக்கு வரும்வரை விண்ணப்பித்த அத்தாட்சியை வைத்து 3 மாதம் வேலை செய்யலாம்.

நான்காவது மாதத்திலும் அந்த அத்தாட்சிக் காகிதத்தையே வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். எல்லாத் தேதியையும் ஒரு தாளில் எழுதி கேபினில் ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் சான்று கொடுத்த நாட்டிடமே அதிகாரி கேட்டு உறுதி செய்துகொள்வார். போலிச் சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரோடு பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது படி: ஏறிய முதல் வாரம்

பி.எஸ்.சி.-க்குத் தயாராவது என்பது கப்பல் துறைமுகத்தை நெருங்கும்போது பெயிண்ட் அடிப்பதல்ல. நீங்கள் ஏறிய அன்றே ஆரம்பிக்கிறது. அவசர வேலை ஒதுக்கப்பட்ட ஒவ்வொருவரும் கப்பல் புறப்படும் முன்பே அதை அறிந்திருக்க வேண்டும் என்பது சோலாஸ் விதி. மஸ்டர் லிஸ்டில் (அவசரத்தில் யாருக்கு என்ன வேலை என்ற பட்டியல்) உங்கள் பெயருக்கோ எண்ணுக்கோ எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். எந்த போட், எந்த மஸ்டர் ஸ்டேஷன் (கூட வேண்டிய இடம்), தீ என்றால் ஹோஸ் பிடிக்கிறவரா, ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவரா என்று தெரிய வேண்டும்.

படித்தால் மட்டும் போதாது, நடந்து பாருங்கள். உங்கள் கேபினிலிருந்து மஸ்டர் ஸ்டேஷனுக்கு இரண்டு வழி கண்டுபிடியுங்கள். லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டி, அதன் விளக்கும் விசிலும் இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த நீரில் உயிர் காக்கும் இம்மெர்ஷன் சூட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து ஜிப்பை மேலே கீழே இழுங்கள். வருடக்கணக்காகப் பிரிக்காமல் கிடந்த சூட்டின் ஜிப் பச்சை பூத்து நகராமல் நிற்கும். அது உங்களுக்குத் தெரிய வேண்டியது கேபினில், கடலில் குதிக்கும் முன்பு. மெழுகு தேய்த்தால் சரியாகும். ஆகாவிட்டால் தேர்ட் ஆபிசரிடம் சொல்லுங்கள்.

நான்காவது படி: கேங்வே (கப்பலில் ஏறும் படிக்கட்டு)

அதிகாரி கப்பலுக்குள் கால் வைக்கும் முன்பே சோதனை ஆரம்பித்துவிடும். ஜெட்டியில் நின்றே ட்ராஃப்ட் மார்க், லோட் லைன் மார்க், மூரிங் கயிறுகள், ராட் கார்டு (எலி ஏறாமல் கயிற்றில் மாட்டும் தகடு) எல்லாம் பார்ப்பார். கேங்வே வலை ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா, படி உடைந்திருக்கிறதா, பக்கத்தில் லைஃப்பாய் இருக்கிறதா என்று கவனிப்பார்.

கேங்வே வாட்சில் பெரும்பாலும் நிற்பது புதிய ஆள்தான். அடையாள அட்டையைக் கேளுங்கள். "சார், ஐ.டி. காட்டுங்கள்" என்று கேட்கத் தயங்காதீர்கள், அவர் அரசு அதிகாரியாக இருந்தாலும் சரி. கேட்காமல் உள்ளே விட்டால் அதுவே செக்யூரிட்டி குறையாக எழுதப்படும், கப்பல் பந்தோபஸ்துக்கான ஐ.எஸ்.பி.எஸ். விதி 2004-லிருந்து அப்படி. அட்டையைப் பார்த்து, விசிட்டர் லாக்கில் கையெழுத்து வாங்கி, வாக்கி டாக்கியில் டியூட்டி ஆபிசரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை நீங்கள் கேங்வேயை விட்டு நகரக் கூடாது. அதிகாரியை நீங்களே கூட்டிக்கொண்டு மேலே போய்விட்டால் கேங்வேயில் ஆள் இருக்காது. அவர் அதையும் பார்ப்பார்.

கேங்வேயிலிருந்து கேப்டன் ரூம் வரை நடக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் அவர் மனதில் ஒரு முடிவு உருவாகிவிடும். மூடியிருக்க வேண்டிய ஃபயர் டோரைக் கயிறு போட்டுத் திறந்து கட்டியிருந்தால், டெக்கில் எண்ணெய் சிந்தியிருந்தால், ஹெல்மெட் இல்லாமல் ஒருவர் உயரத்தில் நின்று வேலை செய்தால், மேலே காகிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

ஐந்தாவது படி: சுற்றி வருவது

காகிதம் முடிந்ததும் பிரிட்ஜ், டெக், குடியிருப்பு, கேலி (சமையலறை), இன்ஜின் ரூம் என்று ஒரு சுற்று வருவார். எல்லாம் சரியாக இருந்தால் இத்தோடு முடியும். கப்பலின் நிலையோ ஆட்களின் திறமையோ சரியில்லை என்று நம்பத் தெளிவான காரணம் கிடைத்தால் விரிவான சோதனையில் இறங்குவார். அந்தக் காரணம் காலாவதியான சான்றாக இருக்கலாம், துருப்பிடித்த வென்டாக இருக்கலாம், கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத ஒரு ஆளாகவும் இருக்கலாம்.

பிரிட்ஜில் பாசேஜ் பிளான் (பயணத் திட்டம்) பெர்த்திலிருந்து பெர்த் வரை இருக்கிறதா, எக்டிஸில் (கணினி சார்ட்) திருத்தம் ஏறியிருக்கிறதா என்பார்கள். குடியிருப்பில் கேபின், கழிப்பறை, குளிர்சாதன அறையின் வெப்பநிலை, காய்கறி இருப்பு பார்ப்பார்கள். இவற்றை நீட்ட வேண்டியதில்லை. இன்ஜின் ரூமைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிய ஆட்கள் அறியாமல் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

ஆயிலி வாட்டர் செபரேட்டர் என்ற கருவி இன்ஜின் ரூம் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கிறது. 10 லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இருந்தால் அலாரம் அடித்து, தண்ணீர் வெளியே போகாமல் திரும்ப டேங்குக்கே போக வேண்டும். அதிகாரி அதை ஓட்டிக் காட்டச் சொல்வார். அதற்கு முன்பே டார்ச் அடித்து அதன் குழாய்களின் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைப் பார்ப்பார். சுற்றிலும் பழைய பெயிண்ட் இருக்க, இரண்டு போல்ட்டின் முனையில் மட்டும் ஸ்பேனர் கீறி பெயிண்ட் உரிந்திருந்தால் அந்தக் குழாயைக் கழற்றச் சொல்வார். உள்ளே கருப்பாக எண்ணெய் படிந்திருந்தால் கள்ளக் குழாய் போட்டு எண்ணெயை நேரே கடலில் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க (சவுண்டிங்) சொல்லி ஆயில் ரெக்கார்ட் புக்கோடு ஒப்பிடுவார். அமெரிக்காவில் இது குறையோடு நிற்காமல் குற்ற வழக்காகும். பொய்யாக எழுதிய ரெக்கார்ட் புக்கைக் காட்டியதற்கே சீஃப் இன்ஜினியர்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். தகவல் கொடுத்தவருக்கு அபராதத் தொகையில் பாதி வரை தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இரவில் உங்களைக் கூப்பிட்டு "அந்த ஹோஸை இங்கே மாட்டு" என்று யாராவது சொன்னால், எதற்கு என்று கேளுங்கள்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். சில மணி நேரத்தில் முழுக் கப்பலையும் யாராலும் பார்க்க முடியாது. அங்கங்கே எடுத்துப் பார்ப்பதுதான் இந்தச் சோதனை. 2024 மார்ச்சில் பால்டிமோர் பாலத்தில் மோதிய டாலி கப்பலில் 2023 ஜூனில் சிலி நாட்டில் அழுத்தமானி பற்றிய ஒரு குறை எழுதப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. அதே வருடம் செப்டம்பரில் நியூயார்க்கில் அமெரிக்க கோஸ்ட் கார்டு பார்த்தபோது குறை எதுவும் இல்லை. அதில் இருந்த 21 பேரில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். சுத்தமான ரிப்போர்ட் கையில் இருக்கிறதே என்று யாரும் நிம்மதியாகப் படுத்துவிடக் கூடாது. லூஸான ஒயரும் கசியும் குழாயும் தினமும் அங்கே இருக்கிறவர் கண்ணில்தான் படும்.

ஆறாவது படி: டிரில்லும் கேள்வியும்

திறமையைச் சோதிப்பது இங்கேதான். விரிவான சோதனை என்றால் அநேகமாக ஒரு ஃபயர் டிரில்லும் ஒரு அபாண்டன் ஷிப் (கப்பலைக் கைவிடும்) டிரில்லும் நடத்தச் சொல்வார்கள். அதிகாரி ஒரு மூலையில் நின்று கொண்டு, யார் யாரைப் பார்த்து என்ன செய்கிறார்கள் என்று கவனிப்பார். எல்லோரும் சீஃப் ஆபிசர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றால் இதற்கு முன்பு டிரில் நடக்கவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும், லாக்புக்கில் மாதாமாதம் எழுதியிருந்தாலும். சட்டப்படி ஒவ்வொருவரும் மாதம் ஒரு ஃபயர் டிரில், ஒரு அபாண்டன் ஷிப் டிரில்லில் கலந்திருக்க வேண்டும். எமர்ஜென்சி ஸ்டியரிங் 3 மாதத்துக்கு ஒரு முறை, மூடிய இடத்துக்குள் நுழைந்து மீட்கும் டிரில் 2 மாதத்துக்கு ஒரு முறை.

ஒரு துறைமுகத்தில் நான் பார்த்த காட்சி. எமர்ஜென்சி ஜெனரேட்டர் ரூமில் எலக்ட்ரீஷியன் தயாராக நிற்கிறார். அதிகாரி அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பின்னால் நின்ற இன்ஜின் கேடட்டைக் கூப்பிட்டு, "பேட்டரி இல்லை என்று வைத்துக்கொள். நீ ஸ்டார்ட் செய்" என்றார். பையன் சுவரில் ஒட்டியிருந்த குறிப்பை விரலால் தொட்டு வரி வரியாகப் படித்தான். எரிபொருள் வால்வைப் பார்த்தான், கைப்பிடியால் ஹைட்ராலிக் ஸ்டார்ட்டரின் அழுத்தத்தை ஏற்றினான், மீட்டரைப் பார்த்தான், லீவரை இழுத்தான். இன்ஜின் பிடித்துக்கொண்டது. நேரம் கொஞ்சம் எடுத்தது, ஆங்கிலமும் தடுமாறியது. அதிகாரி அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. "குட்" என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார். கப்பலில் கரண்ட் போனால் அந்த ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் தானாக லோடு எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் யாராவது ஒருவருக்காவது கையால் அதை ஓடவைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் தூங்கிக்கொண்டோ அடிபட்டோ இருந்தால் என்ன செய்வது என்பதற்காகத்தான் கேடட்டைக் கூப்பிட்டது.

நம் பையன்களில் பலர் ஆங்கிலத்தை நினைத்தே பயந்து போகிறார்கள். அதிகாரிக்கு இலக்கணம் தேவையில்லை. கேள்வி புரியாவிட்டால் மறுபடி சொல்லச் சொல்லுங்கள். புரிந்தால் அந்த இடத்துக்கு நடந்து போய்ச் செய்து காட்டுங்கள். பதில் தெரியாவிட்டால் யூகித்துச் சொல்லாதீர்கள். "எனக்குத் தெரியாது, அது செகண்ட் இன்ஜினியரின் வேலை, குறிப்பு இந்த ஃபைலில் இருக்கிறது" என்று சொல்வது நல்ல பதில். ஆனால் உங்கள் பெயருக்கு எதிரே மஸ்டர் லிஸ்டில் எழுதியிருக்கும் வேலையைத் தெரியாது என்று சொல்ல முடியாது.

அடிக்கடி கேட்பது இவைதான். எமர்ஜென்சி ஃபயர் பம்ப் எங்கே இருக்கிறது, அதை ஓட்டி இரண்டு ஹோஸில் தண்ணீர் காட்டு. லைஃப்போட் இன்ஜினை ஸ்டார்ட் செய், முன்னும் பின்னும் கியர் போடு. போட்டின் ஹூக்கை எப்போது விடுவிப்பாய்? கியூ.சி.வி.-யை (எரிபொருளை உடனே நிறுத்தும் வால்வு) எங்கிருந்து இழுத்து மூடுவாய்? இன்ஜின் ரூமில் கார்பன் டை ஆக்சைடு விடும் முன் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு "வென்டை மூட வேண்டும்" என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். ஆள் எண்ணிக்கை பார்த்து, உள்ளே ஒருவரும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அந்த வாயு தீயை அணைப்பதுபோல உள்ளே இருப்பவர் உயிரையும் எடுத்துவிடும்.

ஏழாவது படி: ஓய்வு நேரமும் சம்பளமும்

பலரும் இதைப் பாதுகாப்போடு சேர்த்துப் பார்ப்பதில்லை. இதுதான் பாதுகாப்பின் வேர் என்று நான் நினைக்கிறேன். விதி இப்படி: எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, எந்த 7 நாளிலும் 77 மணி நேரம். அந்த 10 மணியை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது. அதில் ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். ஒரு ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் நடுவே 14 மணிக்கு மேல் போகக் கூடாது.

அதிகாரி ரெஸ்ட் அவர் ஷீட்டை மட்டும் பார்ப்பதில்லை. டெக் லாக்புக்கை எடுத்துப் பக்கத்தில் வைப்பார். இரவு 2 மணிக்குப் பைலட் ஏறியது, 4:30-க்குக் கட்டி முடித்தது என்று அதில் இருக்கும். டெக் ஆட்களின் தலைவரான போசனின் ஷீட்டில் அதே இரவு 10 முதல் காலை 6 வரை ஓய்வு என்று இருந்தால், கயிறு கட்டியது யார்? குக்கின் ஷீட்டில் பிற்பகல் முழுக்க ஓய்வு, டிரில் ரெக்கார்டில் 3 மணி டிரில்லில் குக் கலந்துகொண்டார். இப்படி இரண்டு இடம் கிடைத்தால் போதும், மொத்த ஷீட்டும் நம்பத் தகுந்ததல்ல என்று எழுதிவிடுவார்.

கம்ப்யூட்டரில் சிவப்புக் கட்டம் வராதபடி நேரத்தை மாற்றிக் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். சுலபமல்ல என்று தெரியும். முதல் காண்ட்ராக்டில் சீனியரை எதிர்த்து நிற்பது கஷ்டம். ஆனால் களைப்பில் உங்கள் விரல் வின்ச்சில் மாட்டினால், அன்று நீங்கள் 12 மணி நேரம் ஓய்வெடுத்தீர்கள் என்று உங்கள் கையெழுத்தே சாட்சி சொல்லும். குறைந்தபட்சம் உண்மையான நேரத்தை உங்கள் சொந்த நோட்டில் எழுதி வையுங்கள். ஷீட்டின் நகல் உங்களுக்குத் தர வேண்டும் என்பதும் விதி, கேட்டு வாங்குங்கள்.

சம்பளமும் அப்படியே. மாதம் ஒரு முறையாவது சம்பளம் வர வேண்டும், கணக்குச் சீட்டு தர வேண்டும், ஒப்பந்தத்தின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும். 2 மாதச் சம்பளம் பாக்கி என்றால் எம்.எல்.சி. படி அது கைவிடப்பட்டதற்குச் சமம். 4 மாதச் சம்பளம் வரையும் ஊருக்குத் திரும்பும் செலவும் தர இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும், அதன் சான்று கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். வேலை வாங்கித் தர உங்களிடம் பணம் வாங்கியிருந்தால் அதுவும் விதிமீறல். ஏஜெண்டிடம் ஆர்.பி.எஸ்.எல். (கப்பலுக்கு ஆள் எடுக்கும்) உரிமம் இருக்கிறதா என்று டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தில் பார்த்த பிறகே பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்.

பி.எஸ்.சி. அதிகாரியிடம் நீங்கள் நேரடியாகப் புகார் சொல்லலாம். யார் சொன்னது என்பதைக் கேப்டனிடமோ கம்பெனியிடமோ அவர் சொல்லக் கூடாது. தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டால் போதும். ஐ.டி.எஃப். இன்ஸ்பெக்டர் என்று இன்னொருவரும் துறைமுகத்தில் ஏறுவார். அவர் தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவர். சம்பள விஷயத்தில் ரொம்ப உதவியானவர், ஆனால் கப்பலை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஒரே ஒரு விஷயத்தை எடுத்து எல்லாக் கப்பலிலும் கூடுதலாகக் கேள்வி கேட்பார்கள். பாரிஸ், டோக்கியோ வட்டாரங்களில் 2023-ல் தீப்பாதுகாப்பு, 2024-ல் சம்பளமும் வேலை ஒப்பந்தமும், 2025-ல் பேலாஸ்ட் தண்ணீர் (கப்பலைச் சமநிலையில் வைக்க ஏற்றுவது). கேள்விப் பட்டியலை முன்கூட்டியே வெளியிட்டுவிடுவார்கள். ஆகஸ்டில் அதை உங்கள் ஆபிசரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கடைசியில்: ரிப்போர்ட்

சோதனை முடிந்ததும் அதிகாரி கேப்டனுடன் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுவார். ஃபார்ம் ஏ-யில் கப்பலின் விவரம், ஃபார்ம் பி-யில் குறைகள். ஒவ்வொரு குறைக்கும் எதிரே ஒரு கோடு எண். 10 என்றால் சரிசெய்தாகிவிட்டது, 16 என்றால் 14 நாளுக்குள், 17 என்றால் புறப்படும் முன். 30 வந்தால் கப்பல் டிடென்ஷன்.

டிடென்ஷனையும் கோர்ட் போடும் அரெஸ்டையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். அரெஸ்ட் பெரும்பாலும் கடன் தகராறு. டிடென்ஷன் என்றால், இந்த நிலையில் கடலுக்குப் போனால் கப்பலுக்கோ ஆட்களுக்கோ கடலுக்கோ ஆபத்து என்று துறைமுக நாடு தீர்மானித்திருக்கிறது. கொடி நாட்டுக்கும் கிளாஸுக்கும் உடனே தகவல் போகும். சரிசெய்து, மறுபடி வந்து பார்த்த பிறகுதான் விடுவார்கள். கம்பெனிக்கு அப்பீல் செய்ய உரிமை உண்டு, ஆனால் அப்பீல் செய்ததற்காகக் கப்பலை விட்டுவிட மாட்டார்கள். பாரிஸ் வட்டாரத்தில் மோசமான கொடியுள்ள கப்பல் திரும்பத் திரும்ப நிறுத்தப்பட்டால் எந்தத் துறைமுகத்திலும் நுழையவிடாமல் தடை போடுவார்கள். முதல் தடவை குறைந்தது 3 மாதம், அடுத்தது 12 மாதம்.

டிடென்ஷன் ஆன நாளில் கப்பலில் எல்லோரும் எரிச்சலோடு இருப்பார்கள். யார் என்ன பதில் சொன்னது என்று ஆள் தேடுவார்கள். நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் அதற்காக வருத்தப்பட வேண்டாம். எழுதப்பட்ட குறைகளில் உங்கள் பகுதியைச் சேர்ந்தது எது என்று கேட்டு, அதைச் சரிசெய்யும் வேலையில் கூடவே நில்லுங்கள். சரிசெய்யும் முன்பும் பின்பும் போட்டோ எடுத்து ஆபிசரிடம் கொடுங்கள். மூடுவதற்கு அதைத்தான் கேட்பார்கள்.

ரிப்போர்ட்டின் நகல் கப்பலிலேயே இருக்க வேண்டும், கணினியிலும் ஏறிவிடும். அடுத்த துறைமுகத்தில் ஏறும் அதிகாரி முதலில் திறப்பது அதைத்தான். அதே ஃபயர் டாம்பர் (தீயின்போது காற்றுக் குழாயை அடைக்கும் தகடு) மறுபடியும் மூடாமல் நின்றால் அவர் டாம்பரோடு விடமாட்டார். கம்பெனியின் பாதுகாப்பு நிர்வாகமே வேலை செய்யவில்லை என்று ஐ.எஸ்.எம். குறையாக எழுதுவார். அதனால் மூடிய குறையை இரண்டு வாரம் கழித்து நீங்களே ஒரு முறை கையால் ஆட்டிப் பாருங்கள்.